கெசியா வெட்டிய இதயங்கள்

கெசியா டைபிள் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் மார்ல்கேப்பில் எந்த ஆம்பிளையும் அடங்கி நிற்பான். படகில் எல்லாரையும் அதட்டி வேலை வாங்குகிறவன்கூட அவளுடைய அடுப்படியில், கால்சட்டைக்குள் செருகிய சட்டையை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நிற்க வேண்டும். அவள் பின்னால் குனிந்து சட்டையின் வாலில் ஓர் இதயத்தை வெட்டி எடுப்பாள். சட்டை உடம்பில் இருக்கும்போதே வெட்டினால்தான் அது இதயம். கழற்றிக் கொடுத்து வெட்டினால் கந்தல். எங்கள் ஊரில் அப்படித்தான்.

அவள் அடுப்படியில் தேநீர் குடித்துக்கொண்டே இந்தக் கூத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"சீக்கிரம் வெட்டு கெசியா, முதுகு விறைக்குது."

"அசையாம நில்லு. அசைஞ்சா இதயத்துக்குப் பதிலா பூசணிக்காய்தான் போகும் அவளுக்கு."

"அவளுக்குப் பூசணிக்காய் பிடிக்கும்."

"அப்போ உன் தலையையே அனுப்பிடலாமே. துணியாவது மிச்சமாகும்."

அந்தத் துணி இதயத்தை ஒரு வெற்றுத் தபால் அட்டையில் மாவுப் பசையால் ஒட்டுவாள். கேக் பெட்டியில் வருகிற பூவேலைக் காகிதத்தை நறுக்கிச் சுற்றிலும் வைப்பாள். தோட்டத்தில் பனிப்பூ பூத்திருந்தால் ஒன்றை பைபிளுக்குள் வைத்து அழுத்தி, அதையும் ஓரத்தில் ஒட்டுவாள். பெயர் கிடையாது. ஓர் எழுத்துகூடக் கிடையாது. வாலண்டைன் நாளுக்கு முந்தின சாயங்காலம் அந்த அட்டை பெண்ணின் வாசற்படியில், மேலே ஒரு கல்லோடு இருக்கும். கதவைத் தட்டும் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் ஆள் இருக்காது. ஆம்பிளை வந்தால் பூட்ஸ் சத்தத்திலேயே யாரென்று தெரிந்துவிடும் என்பதால், எல்லா அட்டைகளையும் கெசியாவே கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு கொண்டுபோய் வைப்பாள். அவளுக்கு நீளக் கால். ஒருத்தி கையிலும் அகப்பட்டதில்லை.

எவன் சட்டைத் துணி என்று கண்டுபிடிப்பது பெண்ணின் பாடு. மறுநாள் மீனவர் கூடத்தில் தேநீர் விருந்து. அங்கே அவள் போய் அவன் கையைக் கோத்துக்கொண்டால் சம்மதம். கோக்காவிட்டால் அவன் தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். ஏன் என்று அவன் அவளைக் கேட்க மாட்டான். அவளும் சொல்ல மாட்டாள். அதைப் பற்றி வாய் திறப்பதே எங்கள் ஊரில் அசிங்கம். இந்த ஒரு வழக்கம்தான் பின்னால் கெசியாவுக்கு வசதியாகப் போயிற்று.

இன்னொன்றும் உண்டு. சட்டையில் ஓட்டை இருக்கும்போது கடலுக்குப் போகக் கூடாது. ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வந்துவிடுமாம். பெண்டாட்டியோ அம்மாவோ தைத்துக் கொடுத்த பிறகுதான் படகில் கால் வைப்பான். அதனால் மெழுகுவர்த்தித் திருநாளுக்கு முன்னால், அதாவது பிப்ரவரி பிறந்து படகுகள் சும்மா கிடக்கும் நாள் வரும் வரை, கெசியா கத்தரிக்கோலைத் தொடவே மாட்டாள்.

அவள் நல்லவளா என்றால் பலருக்கும் நல்லவள்தான். யார்மவுத்தில் தொப்பிக் கடையில் வேலை பார்த்துவிட்டு, அப்பன் செத்ததும் திரும்பி வந்து, கரை விளிம்பில் இருந்த கடைசி வீட்டில் தனியாக இருந்தாள். எலும்பும் தோலுமாக உயரமான உடம்பு. சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். பிரசவ வீட்டுக்கு முதலில் போவாள். பிணம் குளிப்பாட்டவும் போவாள். ஊரில் பாதிக் கல்யாணம் அவள் கத்தரிக்கோலில் பிறந்தது. ஆனால் அவளுடைய அடுப்படியில் அவளுக்காக ஒருத்தனும் திரும்பி நின்றதில்லை. அதைச் சொல்லி நாங்கள் கேலியும் செய்திருக்கிறோம். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

என் புருஷன் ஆம்புரோஸ் கோட்ஸ் எனக்கு வருஷா வருஷம் அட்டை அனுப்பினான். கல்யாணம் ஆனதோடு பலபேர் நிறுத்திவிடுவார்கள், அவன் நிறுத்தவில்லை. நீலக்கோடு போட்ட துணி ஒரு சுருள் மலிவாகக் கிடைத்திருந்தது. அவன் சட்டை எல்லாம் அந்தத் துணியில்தான் தைத்தேன். பிப்ரவரி வந்தால் துவைக்கப் போடும் சட்டையில் ஓட்டை இருக்கும். "வலையில மாட்டிக் கிழிஞ்சிடுச்சு" என்பான். "வலைக்குக்கூட இதயம் மாதிரிப் பல்லு முளைச்சிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே தைப்பேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எங்களுக்கு இருந்த விளையாட்டு அதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூன்றாம் வருஷம் அக்டோபரில், யார்மவுத் பக்கம் ஹெர்ரிங் மீனுக்கு ஆம்புரோஸ் போன படகு திரும்பவில்லை. ஒரு பலகை வந்து ஒதுங்கியது. ஆள் ஒருத்தனும் வரவில்லை.

நான் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். சாப்பிடவில்லை. மீன் அறுக்கும் வேலைக்குப் போகவில்லை. தலை வாரவில்லை. கெசியா வந்து கஞ்சி ஊற்றுவாள், நான் துப்புவேன். "செத்துத் தொலையணும்னா சுத்தமாச் செத்துத் தொலை, இப்படி நாறாத" என்று திட்டுவாள். திட்டிக்கொண்டே என்னைக் கழுவிவிடுவாள். அதை மறைக்க மாட்டேன்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கேட்டது. எரிச்சலோடு போய்த் திறந்தேன். வாசற்படியில், கல்லுக்கடியில், அட்டை. அதில் நீலக்கோட்டுத் துணியில் இதயம்.

அப்படியே சால்வையில்லாமல் கெசியா வீட்டுக்கு ஓடினேன். அவளும் அப்போதுதான் வந்திருந்தாள் போல, மூச்சு வாங்கியது.

"படகு ஏர்றதுக்கு முன்னாடி வந்தான்டி," என்றாள். "யார்மவுத்துல இருந்து எப்போ திரும்புவேனோ, இப்பவே வெட்டிடுன்னான். மாட்டேன்னேன். கெஞ்சினான். என் வாழ்க்கையில ஒருத்தனுக்காகத்தான் வழக்கத்த மீறினேன். வெளிய சொல்லிடாத. ஓட்டைச் சட்டையோட ஒருத்தன அனுப்பினேன்னு தெரிஞ்சா ஊர் என்னைக் கல்லால அடிக்கும்."

சத்தியம் பண்ணிக்கொடுத்தேன்.

மறுநாள் தலை வாரினேன். அடுத்த வாரம் வேலைக்குப் போனேன். ஆனால் அந்த அட்டையோடு வேறொன்றும் என் தலையில் வந்து உட்கார்ந்தது. ஓட்டையைத் தைக்க என்னிடம் அவன் சட்டையைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் எனக்குத் தெரிந்துபோகும் என்று, ஓட்டையோடேயே போயிருக்கிறான். எனக்காகத்தான் போய்ச் செத்திருக்கிறான். அவனோடு போன மற்றவர்களும் அதனால்தானா? இதை யாரிடம் சொல்ல முடியும்? பெருமையும் பயமும் ஒரே முடிச்சில். அப்படிச் செத்தவனுக்குப் பின்னால் இன்னொருத்தன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

பார்க்க ஓர் ஆள் இல்லாமலும் இல்லை. எஸ்ரா மேஸ், நண்டுக் கூடை போடுகிறவன். வாயைத் திறந்தால் வரி கட்ட வேண்டும் என்பதுபோல இருப்பான். ஆம்புரோஸ் போன குளிர்காலத்தில் அவன் கரை ஒதுங்கிய மரத்துண்டுகளைப் பிளந்து என் பின்வாசலில் அடுக்கிவிட்டுப் போவான். பிப்ரவரி விருந்துக்குப் பிறகு அது நின்றுபோயிற்று. அந்த விருந்துக்கு நான் கறுப்பில் போயிருந்தேன். கெசியா கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். எஸ்ரா கதவோரமாக நின்று தேநீர் குடித்தான். போய்விட்டான்.

கோடையில் ஒருநாள் கடற்கரைச் சரிவில் அவனைப் பார்த்தேன். கோபமா என்று கேட்க வாய் வரவில்லை. என்னவோ தோன்றி, பையிலிருந்த அட்டையை எடுத்து அவனிடம் மட்டும் காட்டினேன்.

"ஆம்புரோஸ் போறதுக்கு முன்னாடி வெட்டிட்டுப் போயிருக்கான்," என்றேன். "யார்கிட்டயும் சொல்லாத."

அவன் ரொம்ப நேரம் அதைப் பார்த்தான். "இத வெச்சிருக்க," என்றான்.

"வெச்சிருக்காம? இது என்கூடச் சவப்பெட்டிக்குள்ள வரும்."

தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனான்.

அடுத்த வருஷம் ஈஸ்டர் முடிந்து எஸ்ராவும் கெசியாவும் கல்யாணம் செய்துகொண்டார்கள். கெசியாவுக்கு முப்பத்துமூன்று வயது தாண்டியிருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். தொப்பிக்கு நாடா தைத்துக் கொடுத்தது நான்தான். "எப்படிடீ வளைச்சே?" என்று கேட்டேன். "சுவரப் பாத்து நிக்கச் சொன்னேன். பாவம், திரும்பத் தெரியல" என்றாள்.

அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கும் மேலாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு எனக்கு அவர்கள் வீட்டில்தான். மாவுருண்டையும் குழம்பும், இருந்தால் நண்டு. எஸ்ரா நண்டை உடைத்தால் கொழுத்த பாகம் எப்போதும் என் தட்டுக்கு வரும். கெசியா அதைப் பார்ப்பாள். "விருந்தாளியா இவ? வாரா வாரம் வர்றவளுக்கு என்ன உபசாரம்?" என்பாள். எல்லாரும் சிரிப்போம். எஸ்ரா சிரிக்க மாட்டான். சிரிக்கத் தெரியாதவன் என்று நினைத்திருந்தேன்.

அவன் மார்சளியில் செத்தபோது கெசியாவோடு நானும் உட்கார்ந்து அழுதேன். ஊரில் எங்களை அக்கா தங்கை என்றே நினைத்தார்கள்.

அவள் வீட்டைக் கடல் தின்னத் தொடங்கியிருந்தது. வருஷா வருஷம் கரை இடிந்து விழும். முதலில் உருளைக்கிழங்குப் பாத்தி, பிறகு கோழிக்கூடு. போன இலையுதிர் காலத்தில் கழிப்பறை போயிற்று. நல்லவேளை உள்ளே ஆள் இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஊராட்சியிலிருந்து வந்தார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை, சொந்தம் இல்லை. கரையை விட்டு உள்ளே தள்ளி, கடல் கண்ணுக்கே தெரியாத இடத்தில் முதியோர் விடுதி ஒன்று இருக்கிறது. அங்கே போடுகிறோம் என்றார்கள். அந்தப் பேச்சை எடுத்தாலே அவள் எழுந்துபோய்க் கதவைத் தாழிடுவாள். வேறெதற்கும் பயப்படாதவள்.

"என் முன்னறை சும்மாதான் கிடக்குது," என்றேன். "வந்துடு. குறட்டை விட்டா மட்டும் வெளிய தள்ளிடுவேன்."

"நான் குறட்டை விட மாட்டேன்."

"எஸ்ரா செத்தது உன் குறட்டையிலதான்னு டாக்டரே சொன்னாரு."

அப்படி முடிவாயிற்று. முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கட்டிலை நானே நகர்த்தினேன். பிப்ரவரி கடைசியில் வருவதாகப் பேச்சு.

அதற்குள் நூலகத்து மிஸ் பெல்லமிக்கு ஒரு யோசனை. வீடு போவதற்குள் கெசியா செய்த அட்டைகளையெல்லாம் கூடத்தில் வைத்து ஊருக்குக் காட்ட வேண்டுமாம். ஒவ்வொருத்தியும் அலமாரியிலிருந்து எடுத்துவந்தாள். நானும் என்னுடையதைக் கொடுத்தேன். கடைசி ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. வாலண்டைன் நாள் சாயங்காலம் கெசியாவை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். எழுபது வயதில் அவள் முகம் கல்யாணப் பெண் முகமாக இருந்தது.

"நீங்க யாருக்காவது சீக்கிரமே வெட்டிக் கொடுத்ததுண்டா, மிஸஸ் மேஸ்?" என்று மிஸ் பெல்லமி கேட்டாள்.

"மெழுகுவர்த்தித் திருநாளுக்கு முன்னாடியா? ஒருத்தனுக்கும் வெட்டினதில்ல. பெத்த அப்பன் எழுந்து வந்து கேட்டாலும் மாட்டேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். நான் குனிந்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இத்தனை பேர் முன்னால் எனக்காகவும் ஆம்புரோஸுக்காகவும் ரகசியத்தைக் காப்பாற்றுகிறாளே என்று நெஞ்சு நிறைந்தது.

வீட்டுக்கு நடந்தோம். அவள் கை என் கைக்குள் இருந்தது.

"நல்லா அளந்து விட்டேடி," என்றேன். "ஒருத்தனுக்கும் வெட்டினதில்லையாம். பாவி, முகத்துல ஒரு சுருக்கம் மாறல."

"எத அளந்தேன்? உள்ளதத்தான சொன்னேன்."

"என்கிட்டயேவா?"

"உன்கிட்ட என்ன? யாருக்கு வெட்டினேன்? பேரச் சொல்லு பாப்போம்."

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். விளையாடவில்லை. நிஜமாகவே பெயர் கேட்டாள்.

"ஆம்புரோஸுக்கு," என்றேன்.

"ஆம்புரோஸுக்கா? அவனுக்கு எப்போ நான்..." என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். கையில் இருந்த அவள் கை கனத்தது. பிறகு அவசர அவசரமாகப் பேசினாள். "ஆமாமா, ஆம்புரோஸ்! பாரேன், மறந்தே போச்சு. வயசாச்சுல்ல."

நான் என் கையை உருவிக்கொண்டேன்.

பொய் சொன்னாள் என்பது பிறகு. முதலில் என்னைக் குத்தியது அது இல்லை. நான் எதை வைத்துக்கொண்டு உயிரோடு இருந்தேனோ, எதை நினைத்து ராத்திரி ராத்திரியாய்ப் பயந்தேனோ, அது அவளுக்கு நினைவிலேயே இல்லை. பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றுவதுபோல ஊற்றிவிட்டு மறந்துபோயிருக்கிறாள்.

மறுநாள் காலையில் போனேன். பெட்டிகள் கட்டிக் கிடந்தன. அவள் தேநீர்ப் பாத்திரத்தை எடுத்தாள், வேண்டாம் என்றேன். அட்டையை மேசையில் வைத்தேன்.

"துணி ஏது?"

"திர்சா, போனதப் போயி..."

"துணி ஏதுடி?"

"நீ குடுத்ததுதான்." அவள் அட்டையைப் பார்க்கவில்லை. "தலையணை உறை தைக்க மிச்சத் துணி குடுத்தியே. அதுல வெட்டினேன்."

என் வீட்டுத் துணியை வெட்டி, என் புருஷன் இதயம் என்று என் வாசலிலேயே வைத்திருக்கிறாள்.

"நீ செத்துப்போயிருப்ப," என்றாள். "உன் விலா எலும்ப எண்ணியிருக்கேன் நான். கஞ்சி இறங்கல. பாதிரியார் வந்தார், டாக்டர் வந்தார், ஒருத்தராலயும் உன்னக் கட்டில்ல இருந்து கிளப்ப முடியல. அந்த அட்டைதான் கிளப்பிச்சு. தப்பா? சொல்லு. தப்பா?"

நான் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேயே அவள் நிறுத்தியிருந்தால், கோபத்தோடு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு அவள் கட்டிலுக்கு விரிப்புத் தைத்திருப்பேன். ஆனால் கெசியாவுக்கு மௌனம் ஆகாது. நியாயத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றப் போனாள்.

"வேற என்ன பண்ணச் சொல்ற? அந்த நிலைமையில எஸ்ராவோட அட்டையக் கொண்டுபோய் உன் கையில குடுக்கச் சொல்றியா? புருஷன் போயி நாலு மாசம்கூட ஆகல!"

கீழே கடல் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அப்போது அது தரைக்கு அடியிலிருந்துதான் கேட்கும்.

"எஸ்ராவோட எந்த அட்டை?"

அவளுக்கும் புரிந்துவிட்டது. கோப்பையை எடுத்தாள், வைத்தாள்.

"வந்து நின்னான்," என்றாள். "சிவப்புக் கட்டம் போட்ட சட்டை. உனக்குத்தான் வெட்டச் சொன்னான். இப்பவே கைகோக்க வேணாம், காத்திருக்கேன்னு மட்டும் தெரிஞ்சா போதும்னான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல."

"வெட்டினியா?"

"வெட்டினேன்."

"அத என்ன பண்ணினே?"

அவள் ஒரு பெட்டியின் கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

"விருந்துல நான் அவன் பக்கம் திரும்பல. உன்கிட்ட வந்து கேட்டிருப்பானே. என்ன சொன்னே அவன்கிட்ட?"

"நீ அத அடுப்புல போட்டுட்டதாச் சொன்னேன்."

"போட்டது யாரு?"

"நான்தான். அடுப்புலதான் போட்டேன். பாதி நிஜம்."

சரிவில் நின்று ஆம்புரோஸின் அட்டையை எஸ்ராவிடம் நானே காட்டியது நினைவுக்கு வந்தது. "இத வெச்சிருக்க" என்றானே. எதை எரித்துவிட்டு எதை வைத்திருக்கிறேன் என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கிப் போயிருக்கிறான். முப்பது வருஷம் நண்டின் கொழுத்த பாகத்தை என் தட்டில் வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்து வாய் திறக்காமலே செத்துப்போனான். வழக்கம் அது. கேட்கக் கூடாது.

"உனக்கு ஒருத்தன் கிடைச்சு வாழ்ந்துட்ட," என்று கெசியா கத்தினாள். இப்போது அழுதாள். "எத்தனை பேருக்கு வெட்டினேன்! ஒவ்வொருத்தன் முதுகையும் பாத்தே கிழவியாயிட்டு வந்தேன். எனக்காக எவன் திரும்பி நின்னான்? சிரிச்சீங்கல்ல எல்லாரும்? நீயும் சிரிச்சல்ல?"

"சிரிச்சேன்."

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிட்டேன். உனக்கு வேணும்னே தெரியாத ஒண்ணு."

"கேட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன்," என்றேன். "மயிரப் புடிச்சு இழுத்துத் தெருவுல உருண்டிருப்போம். ஜெயிச்சா நீ கூட்டிட்டுப் போயிருக்கலாம், உன் கல்யாணத்துல ஆடியிருப்பேன். நீ சண்டை போடலடி. என்னச் செத்தவன்கூடக் கட்டி வெச்சுட்டு, உயிரோட இருக்கிறவனத் தூக்கிட்டுப் போயிட்ட."

"நான் உன்னப் பொழைக்க வெச்சேன்!"

"எதுக்குப் பொழைக்க வெச்சே? ஞாயித்துக்கிழமை வந்து உன் குடித்தனத்தப் பாத்துட்டுப் போறதுக்கா? ஓட்டைச் சட்டையோட எனக்காகச் செத்தான், கூட இருந்தவங்களும் அதுல செத்தாங்கன்னு நான் இத்தனை காலம் வெந்தேனே, அது தெரியுமா உனக்கு?"

தெரியாது. அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அந்தக் கதையில் ஓட்டை இருப்பதை அவள் யோசித்ததே இல்லை. வெட்டினவளுக்கு இதயம்தான் கணக்கு. தைக்கிறவளுக்குத்தான் ஓட்டை.

அட்டையை அவள் பெட்டி ஒன்றுக்குள் போட்டுவிட்டு வந்தேன்.

வீடு மாற்றும் நாள் வந்தது. நிலக்கரி வண்டிக்கார பெர்சி அவள் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்தான். முன்னால் அவன் பக்கத்தில் கெசியா, நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு. வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். வந்துவிட்டாள். அவள் துணிச்சல் எப்போதும் அப்படி.

"அலமாரிய எங்க இறக்கட்டும், மிஸஸ் கோட்ஸ்?"

"இறக்க வேண்டாம், பெர்சி."

"தமாஷ் பண்ணாதீங்க. என் முதுகு ஏற்கெனவே விட்டுப்போச்சு."

"முதுகு விட்டுப்போனா அந்த அம்மாகிட்டக் காட்டு. ஆம்பிளைங்க முதுகு அவளுக்கு நல்லாப் பழக்கம்."

பெர்சி என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். வண்டிக்குப் பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டான்.

கெசியா இறங்கவில்லை. மேலிருந்தே கேட்டாள். "எனக்குப் போக்கிடம் இல்லன்னு தெரியும்ல உனக்கு?"

"தெரியும்."

"அந்த விடுதியில கொண்டுபோய்த் தள்ளிடுவாங்கன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. இன்னொன்றும் திறந்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள். "எவ்வளவு காலம் ஆச்சு, திர்சா. அவனும் போயிட்டான். இவனும் போயிட்டான். நாம ரெண்டு பேர்தான மிச்சம்."

அதுதான் என்னை இளக்கப் பார்த்தது. அவள் சொன்னது நடிப்பு இல்லை. என் கதவு திறந்தே இருந்தது. உள்ளே புதுச் சுண்ணாம்பு தெரிந்தது. அவள் இறங்கி என்னைத் தாண்டிப் போயிருந்தால் பிடித்து இழுத்திருப்பேனா, தெரியாது. ஆனால் அவள் ஒரு தடவைகூடத் தப்பு என்று சொல்லவில்லை. காலம் ஆயிற்று என்றாள். ஆன காலம் என்னுடையது.

"அந்தக் காலத்தத்தான் கேக்கிறேன்," என்றேன். "குடுக்க முடியுமா?"

அவள் தொப்பியைச் சரிசெய்தாள். "போலாம் பெர்சி," என்றாள்.

மார்ச் மாதப் புயலில் அவள் வீடு விழுந்தது. பாதி ஊர் போய்ப் பார்த்தது. நான் போகவில்லை. என்னைக் கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள். மிஸ் பெல்லமி வந்து, மன்னிப்பதைப் பற்றி அழகாகப் பேசினாள். உனக்கு இப்படி ஒருத்தி செய்திருக்கிறாளா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்படியென்றால் தேநீரைக் குடி, ஆறுகிறது என்றேன்.

பெர்சி அந்த விடுதிக்கும் கரி போடுகிறான். போன வாரம் என் வீட்டுக்கு மூட்டையைத் தூக்கிவந்தவன், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

"மிஸஸ் மேஸ் ஒவ்வொரு தடவையும் உங்களக் கேக்கிறாங்க."

"என்னன்னு?"

"கோவம் போயிடுச்சான்னு."

"போகலன்னு சொல்லு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கரியப் பின்பக்கம் கொட்டு. முன்னறை வழியாப் போகாத, அங்க வெங்காயம் காயுது."